கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் களப்பணியாளர் என்ன பேசலாம்? (பால்வினை நோய் தடுப்பு)

மலர்_கவுன்சிலர்

எல்லோருக்கும் வணக்கம். பாலியல் தொழில் செய்யும் பெண்களிடையே எச்.ஐ.வி., பால்வினை நோய்த் தடுப்பு வேலை செய்யும் டி.ஐ. புராஜெக்ட்டில் கவுன்சிலராக இருக்கிறேன். தென்மாவட்டம், ஊர்ப் பெயர் வேண்டாம். அடுத்த மாதம் கலெக்டர் தலைமையில் மாவட்ட எய்ட்ஸ் தடுப்புக் குழு கூடுகிறது. வழக்கமாக எங்கள் மேனேஜர் போவார். இந்த முறை என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடத் திட்டத்துக்கு எல்லாத் தரப்பிலும் கருத்து கேட்பார்களாம்.

மேனேஜர் சொன்னது இதுதான்: "எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்தோம், எத்தனை ஆணுறை கொடுத்தோம், எத்தனை பேரை ஜி.எச்.சுக்கு அனுப்பினோம் என்று படித்துவிட்டு உட்கார்ந்துவிடு. கொள்கை முடிவெல்லாம் டெல்லியிலும் சென்னையிலும் எடுப்பது. செய்து முடிப்பதுதான் நம் வேலை."

எனக்கு மனசு ஒப்பவில்லை. சொல்லியே ஆக வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

எங்கள் பியர் (அதே தொழிலில் இருந்தபடி எங்களுக்குக் களப்பணி செய்பவர்) ஒருவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்காலம் வேலையில் இருந்தபோது போலீஸ் பையைக் கொட்டச் சொன்னது. உள்ளே ஆணுறை டப்பா, செய்முறை காட்டும் மர மாடல், வருகைப் பதிவு நோட்டு. ஸ்டேஷனில் ராத்திரி வரை உட்காரவைத்து அனுப்பினார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஸ்பாட்டில் யாரும் நிரோத் வாங்குவதில்லை. "கையில இருந்தா அதுவே சாட்சி ஆயிரும் மேடம்" என்கிறார்கள்.

இரண்டாவது, எங்களிடம் வரும் ஒரு பெண்ணுக்கு ஆறாவது மாதம். ரத்தத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பாசிட்டிவ். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடப் பயந்துகொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போன அன்றைக்கு "நாளைக்கு வாங்க". இரண்டு பஸ் மாறிப் போகிற இடம். கடைசியில் நானே கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தேன். எல்லோருக்கும் இப்படிக் கூடப் போக முடியுமா?

இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் பேசலாமா? "உங்க வேலை இது இல்லை" என்றால் என்ன பதில் சொல்வது? போலீஸ் தரப்புக்குக் கோபம் வந்து புராஜெக்ட்டுக்கு இடைஞ்சல் ஆகுமோ என்ற பயமும் இருக்கிறது.

ராசிபுரம்_சரசு

தங்கச்சி, கட்டாயம் பேசுங்க. நான் நம்பிக்கை மையத்துல (எச்.ஐ.வி. சோதனை, ஆலோசனை தர்ற அரசு மையம்) கவுன்சிலரா இருந்து ஓய்வு வாங்கினவ. நாமக்கல், சேலம் பக்கம்தான் முழு சர்வீசும். லாரித் தொழில் ஊருங்கறதால இந்த நோய் வீடு வீடா எப்படிப் புகுந்துச்சுன்னு கிட்ட இருந்து பார்த்தவ. புருசன் செத்து மூணாம் மாசம் பொண்டாட்டி கைக்குழந்தையோட வந்து என் முன்னாடி உட்காருவா. 2001ல நம்ம மாநிலத்துல கர்ப்பிணிங்க மத்தியில எச்.ஐ.வி. 1.13 சதவீதம். சில வருசத்துல அது கால் சதவீதம் அளவுக்கு இறங்குச்சு. அது தானா இறங்கலை. உங்கள மாதிரி தெருவுல நின்னவங்க உழைப்பு அதுல இருக்கு.

உங்க மேனேஜர் சொன்னதுல ஒண்ணை மட்டும் ஏத்துக்காதீங்க. கொள்கை வேற, நம்ம வேலை வேறங்கறது உண்மை இல்லை. இன்னைக்கு நீங்க எந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசப் போறீங்களோ, அது உருவானதுல இந்தத் தடுப்புத் திட்டத்து ஆளுங்க பங்கு பெருசு.

உங்க பியருக்கு நடந்ததுக்கு அண்ணன் மாதிரி ஒரு சம்பவம் 2001 ஜூலையில லக்னோவுல நடந்துச்சு. ஆண்களோட உறவு வெச்சுக்கற ஆண்களுக்காக எய்ட்ஸ் தடுப்பு வேலை பார்த்தவங்களைப் போலீஸ் பிடிச்சு, ஆபீஸ்ல இருந்த விழிப்புணர்வுப் பொருளை எல்லாம் அள்ளிட்டுப் போச்சு. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கின 377வது பிரிவுல கேஸ். ஒன்றரை மாசத்துக்கு மேல ஜெயில்ல இருந்தாங்க. செஞ்ச குத்தம் நோயைத் தடுக்கப் பார்த்தது! அந்த வருசக் கடைசியில டெல்லி நாஸ் ஃபவுண்டேஷன் 377ஐ எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போச்சு. அவங்களும் எய்ட்ஸ் வேலை பார்க்கறவங்கதான்.

இதுக்கு அடுத்து நடந்ததைத்தான் நீங்க மேனேஜர்கிட்ட சொல்லணும். மத்திய உள்துறை அமைச்சகம் அந்தச் சட்டம் இருக்கட்டும்னு கோர்ட்டுல சொல்லுச்சு. ஆனா அதே அரசாங்கத்தோட சுகாதாரத் துறை சார்பா நாகோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) 2006ல தனியா ஒரு பிரமாணப் பத்திரம் போட்டுச்சு. அதுல நாடு முழுக்க இப்படிப்பட்ட ஆண்கள் 25 லட்சம் பேர் இருக்கலாம், அவங்க மத்தியில எச்.ஐ.வி. கிட்டத்தட்ட 8 சதவீதம், பொது மக்கள்ல 1 சதவீதத்துக்கும் கம்மி, போலீசுக்குப் பயந்து அவங்க மறைஞ்சுக்கறதால எங்க வேலை அவங்களைப் போய்ச் சேர மாட்டேங்குதுன்னு எழுதினாங்க. ஒரு அரசு, கோர்ட்டுல ரெண்டு குரல். 2009 ஜூலை 2ந் தேதி, வயசு வந்தவங்க சம்மதத்தோட வெச்சுக்கற உறவு குற்றம் இல்லைன்னு ஹைகோர்ட் சொன்ன தீர்ப்புல நீதிபதிங்க நாகோ சொன்னதை எடுத்து வெச்சுத்தான் பேசினாங்க. 2013 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதைப் புரட்டிப் போட்டு, 2018 செப்டம்பர் 6ந் தேதி மறுபடியும் நியாயம் கிடைச்சது வேற கதை.

அந்தப் பிரமாணப் பத்திரத்துல இருந்த 8 சதவீதம் எங்கேர்ந்து வந்துச்சு? நம்மள மாதிரி சைட்டுல ஊசி குத்தி ரத்தம் எடுத்தவங்க, ரிஜிஸ்டர் எழுதினவங்ககிட்ட இருந்து. அதனால "உங்க வேலை இது இல்லை"ன்னா, நீங்க தயங்க வேண்டியதில்லை.

இப்ப உங்க போலீஸ் விசயம். எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. அதுல 22வது பிரிவைப் பிரிண்ட் எடுத்துக்குங்க. நோய் பரவற ஆபத்தைக் குறைக்கற எந்த வேலையும் குற்றம் ஆகாது, அதைத் தடுக்கவும் கூடாதுன்னு சொல்லிட்டு, உதாரணமும் போட்டிருக்காங்க. ஒருத்தர் பாலியல் தொழில் செய்யற பெண்ணுக்கோ, அவகிட்ட வர்ற ஆளுக்கோ ஆணுறை கொடுக்கறார். கொடுத்தவர், அந்தப் பெண், வந்த ஆள் மூணு பேர் மேலயும் சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் வராது. உங்க பஸ் ஸ்டாண்டு சம்பவத்தைப் பார்த்து எழுதின மாதிரியே இருக்கும். இதோட 2022 மே 19ந் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவையும் வெச்சுக்குங்க. பாலியல் தொழிலாளிங்க உடம்புப் பாதுகாப்புக்கு வெச்சிருக்கற ஆணுறையைக் குற்றமாவோ குற்றத்துக்குச் சாட்சியாவோ எடுக்கக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு.

ஆனா இதைக் கூட்டத்துல எழுந்து நின்னு எஸ்.பி. ஆபீஸ் ஆளு முகத்துக்கு நேரா எடுத்த எடுப்புல வீசாதீங்க. கலெக்டர் முன்னாடி ஒரு அதிகாரியைத் தலைகுனிய வெச்சா அவர் கேட்கமாட்டார், தன் ஆளுங்களைக் காப்பாத்தத்தான் பார்ப்பார். முந்தின வாரமே போய்ப் பாருங்க. கூட்டத்துக்கு எந்த டி.எஸ்.பி. வர்றார்னு விசாரிச்சு, பிரிவு 22 நகலைக் கையில கொடுங்க. "சார், எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு சுற்றறிக்கை மட்டும் போதும், பியர் கார்டு வெச்சிருக்கறவங்க பையில ஆணுறை இருந்தா விட்டுடணும்னு" அப்படின்னு கேளுங்க. நல்ல அதிகாரியா இருந்தா கூட்டத்துல அவரே எழுந்து சொல்லுவார்.

உங்க பேப்பர் ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம். சம்பவத்துக்கு முந்தின மூணு மாசம் அந்த ஸ்பாட்டுல எவ்வளவு ஆணுறை போச்சு, பிந்தின மாசம் எவ்வளவு. எத்தனை பேர் செக்கப்புக்கு வர்றதை நிறுத்தினாங்க. உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி தொல்லைகளை எழுதி வைக்கற கிரைசிஸ் ரிஜிஸ்டர் இருக்குமே, அதுலயும் மாதாந்திர அறிக்கையிலயும் இருக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. மாத அறிக்கை தனியா மேல போயிடுது, கிரைசிஸ் ரிஜிஸ்டர் பீரோவுக்குள்ள இருந்துடுது. ரெண்டும் ஒரே தாள்ல வந்தாத்தான், ஏன் குறைஞ்சதுன்னு பார்க்கறவங்களுக்குப் புரியும். பியர் பேரு, ஸ்பாட் பேரு எதுவும் வேண்டாம்.

பேசினது மினிட்ஸ்ல (கூட்டக் குறிப்புல) ஏறணும், யார் செய்யணும்ங்கறதும் அதுல வரணும். எங்க ஊர் லாரிப் பேட்டை ஆளுங்க விசயத்துல நான் கத்துக்கிட்டது அது. டிரைவருங்க லோடு இறக்கி குளிச்சுட்டு வர்றது சாயங்காலம் ஆறு மணிக்கு. எங்க மையம் நாலு மணிக்குப் பூட்டு. கதவுல தொங்கற பூட்டைப் பார்த்துட்டு எதிர்க்க டீக்கடையில உட்கார்ந்துட்டுப் போயிடுவாங்கன்னு டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். கூட்டத்துல சொன்னேன், எல்லாரும் தலையாட்டினாங்க, ஒண்ணும் நடக்கலை. அடுத்த கூட்டத்துல போன மினிட்ஸை வாசிச்சப்ப அதுல நான் சொன்னதே இல்லை. மறுபடி சொல்லி, எழுத வெச்சு, பொறுப்பு யாருன்னும் போட வெச்சேன். அப்புறம்தான் பேட்டையிலயே சாயங்கால கேம்ப் வந்துச்சு.

தோல்நோய்_டாக்டர்

சரசு அம்மா போலீஸ் விஷயத்தை முழுவதும் சொல்லிவிட்டார். நான் கர்ப்பிணி விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். மாவட்ட மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவில் பணி.

கர்ப்பிணிக்கு சிபிலிஸ் இருந்தால் மருந்து ஒன்றே ஒன்றுதான். பென்சத்தைன் பென்சிலின், 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஆழமாகப் போடும் ஊசி. நோய்க்கேற்ப நிறம் பிரித்து அரசு தரும் மருந்துப் பெட்டிகளில் வெள்ளை கிட்டில் இருப்பது அதுதான். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கான நீல கிட்டில் டாக்சிசைக்ளின் இருக்கிறது, அதைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. அசித்ரோமைசின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் சரியாகப் போய்ச் சேராது. எனவே "வேறு மாத்திரை எழுதித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பிரசவத்துக்கு 30 நாளாவது முன்பு ஊசி விழ வேண்டும். தாமதமானால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடு பிறக்கலாம். நான் அப்படிப் பிறந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஊசியில் தடுத்திருக்கக் கூடியது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயப்படுவது ஒவ்வாமை அதிர்ச்சிக்கு. பயம் பொய்யல்ல, ஆனால் அது மிக மிக அரிது. அட்ரீனலின் வைத்த அவசரத் தட்டும், ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரவைக்க ஒரு பெஞ்சும் இருந்தால் அங்கேயே போடலாம். கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சோதனை எடுத்த அன்றே ஊசி, அதற்கு மருத்துவ அலுவலர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒருநாள் பயிற்சி. எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதை ஒழிப்பது தேசியத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்திலேயே (2021–26) எழுதிவைத்த இலக்கு. நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

இன்னொன்று. களத்திலிருந்து கொள்கைக்கு எப்படிப் போவது என்பதற்குத் தாய்லாந்தைப் படியுங்கள். 1989இல் ராட்சபுரி மாகாணத்தில் டாக்டர் விவாட் தொடங்கியது. அரசு பால்வினை நோய் கிளினிக்குக்கு வரும் ஆண்களிடம் எந்தப் பாலியல் தொழில் விடுதிக்குப் போனாய் என்று கேட்டார்கள். ஒரு விடுதி மட்டும் ஆணுறை கட்டாயம் என்றால் வாடிக்கையாளர் பக்கத்து விடுதிக்குப் போய்விடுவார். அதனால் மாகாணத்தில் எல்லா விடுதிகளும் ஒரே நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு கவர்னரும் போலீசும் மேசையில் உட்கார வேண்டும். அங்கும் அந்தத் தொழில் 1960 முதல் சட்டவிரோதம்தான், இருந்தும் உட்கார்ந்தார்கள். 1991இல் நாடு முழுவதற்குமான கொள்கையானது. விடுதிகளில் ஆணுறைப் பயன்பாடு 1989இல் 14 சதவீதமாக இருந்தது 1993இல் 94 ஆனது. ஆண்களிடம் முக்கியமான பால்வினை நோய்கள் 79 சதவீதம் குறைந்தன. ஒரு மாகாண கிளினிக்கின் நோயாளி அட்டையில் தொடங்கிய கொள்கை இது.

கூட்டமைப்பு_தலைவி

நான் இந்தத் தொழில்ல இருந்தவ. இப்ப எங்க பெண்கள் சங்கத்துல தலைவி. டாக்டர் சார் சொன்ன தாய்லாந்து கதையில அந்த விடுதிப் பொண்ணுங்களை யாராவது மேசைக்குக் கூப்பிட்டாங்களா? முதலாளி, கவர்னர், போலீஸ், டாக்டர் எல்லாரும் உட்கார்ந்து முடிவு பண்ணாங்க. நோய் குறைஞ்சது நல்லது, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா போலீசை வெச்சு நடத்தற சுகாதாரம் எங்க வாசலுக்கு வர்றப்ப எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்.

இதே மெட்ராஸ்ல 1986ல நம்ம நாட்டுலயே முதல்ல எச்.ஐ.வி. இருக்குன்னு கண்டுபிடிச்சது எங்க பொண்ணுங்க ரத்தத்துலதான். டாக்டர் சுனிதி சாலமன் அம்மாவும் அவங்க மாணவி நிர்மலாவும் செஞ்ச வேலை. அவங்க மேல குறை இல்லை. ஆனா அதுக்கப்புறம் பாசிட்டிவ்னு தெரிஞ்ச பொண்ணுங்களைக் காப்பகத்துல வருசக்கணக்குல அடைச்சு வெச்சாங்க. தண்டனைக் காலம் முடிஞ்சும் விடலை. கோர்ட்டுக்குப் போனப்புறம்தான் வெளிய வந்தாங்க. சுகாதாரம்ங்கற பேருல எடுத்த கொள்கைதான் அதுவும்.

கல்கத்தா சோனாகாச்சியில 1992ல டாக்டர் ஸ்மரஜித் ஜானா வேலையை ஆரம்பிச்சப்ப, தொழில்ல இருந்த பொண்ணுங்களையே பியரா எடுத்தார். அவங்க கேட்டது மருந்து மட்டும் இல்லை. வட்டிக்காரன்கிட்ட மாட்டியிருக்கறப்ப, "காண்டம் போடாம வர்றேன், பணம் கூடத் தர்றேன்"ங்கற ஆளை எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு கேட்டாங்க. அதனால 1995ல உஷான்னு சொந்தமா ஒரு கூட்டுறவு சொசைட்டி. பதிவு பண்ணப் போனா, உறுப்பினர் நன்னடத்தை உள்ளவரா இருக்கணும்னு சட்டத்துல இருக்காம். போராடி அந்த வாசகத்தை விலக்க வெச்சுத்தான் பதிவு பண்ணாங்க. ஒரு பால்வினை நோய்த் தடுப்புத் திட்டம் கூட்டுறவுச் சட்டத்தை மாத்த வெச்ச கதை அது.

மலர் மேடம், உங்களைக் குறை சொல்லலை. நீங்க கூடப் போய் ஊசி போட்டு வந்தீங்கன்னு படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு. ஆனா அந்தக் கூட்டத்துக்கு எங்கள்ல ஒருத்தி வரணும். நீங்க எங்களுக்காகப் பேசறதுக்கும், நாங்க பேசறப்ப நீங்க பக்கத்துல இருக்கறதுக்கும் நிறைய வித்தியாசம்.

மலர்_கவுன்சிலர்

எல்லோருக்கும் நன்றி. தலைவி அக்கா, நீங்கள் சொன்னது நேராகத் தைத்தது. எங்கள் பியர்களில் ஒருவரிடம் கேட்டேன். வரத் தயார் என்கிறார். ஆனால் அந்த ஸ்டேஷன் ஆள் யாராவது அங்கே இருந்து அடையாளம் கண்டுகொண்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார். வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியாது. சரசு அக்கா, இதற்கு என்ன வழி? புராஜெக்ட்டுக்கு இடைஞ்சல் வருமா என்பதற்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

ராசிபுரம்_சரசு

தலைவி சொன்னதுதான் சரி, நான் முதல்லயே சொல்லியிருக்க வேண்டியது.

அந்தப் பொண்ணு பயம் நியாயமானது. சம்பவம் நடந்த ஸ்பாட் பொண்ணு வேண்டாம். வேற ஏரியா பியர் ஒருத்தரை, இல்லேன்னா வெளிய தெரியறதுக்குத் தயாரா இருக்கற சங்கப் பொறுப்பாளரைக் கூட்டிட்டுப் போங்க. கையெழுத்துப் பட்டியல்ல சங்கப் பேர் மட்டும் போட அனுமதி கேளுங்க. மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல மேலாளர்கிட்ட முன்கூட்டியே சொன்னா ஏற்பாடு பண்ணுவாங்க. போட்டோ எடுக்கறவங்க வருவாங்க, பத்திரிகைக் குறிப்புக்குன்னு. அந்தப் பொண்ணைப் படம் எடுக்க வேண்டாம்னு உள்ள நுழையறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிடுங்க, அது ரொம்ப முக்கியம். வரவே முடியலைன்னா அந்தப் பொண்ணு சொல்றதை அவ வார்த்தையிலயே எழுதி, அவளுக்கு வாசிச்சுக் காட்டி, சரின்னு சொன்னப்புறம் படிங்க. நீங்க அழகுபடுத்தாதீங்க.

இடைஞ்சல் வருமான்னா, வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வரலாம். அதனாலதான் தனியாளா நிக்காதீங்கங்கறேன். உங்க மாவட்டத்துல திருநங்கைகளுக்கான புராஜெக்ட், ஆண்களுக்கான புராஜெக்ட் எதெது இருக்கோ எல்லாருக்கும் இதே பிரச்சினை இருக்கும். மூணு புராஜெக்ட் கையெழுத்து போட்ட ஒரே மனுவா கொடுங்க. மேனேஜரையும் விட்டுடாதீங்க. கையெழுத்து அவர்துதான் முதல்ல வரணும். பிரிவு 22ஐ அவருக்கே நீங்க வாசிச்சுக் காட்டுங்க, பாதிப் பயம் போயிடும்.

ஊசி விசயத்துக்கு கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மாவட்ட சுகாதார அலுவலர் ஆபீசுக்கு இந்த வாரமே ஒரு கடுதாசி கொடுங்க, டாக்டர் சார் சொன்ன ரெண்டு கோரிக்கையோட. கிராம சுகாதார செவிலியருங்க மாதக் கூட்டத்துலயும் பத்து நிமிசம் கேட்டு வாங்கிப் பேசுங்க, அவங்கதான் எந்த ஊர்ல எந்தப் பொண்ணுக்கு எத்தனாவது மாசம்னு விரல் நுனியில வெச்சிருப்பாங்க.

மனு எழுதினதும் ஊர்ப் பேரு, ஆள் பேரு எடுத்துட்டு இங்கேயே போடுங்க. நானும் டாக்டர் சாரும் பார்த்துச் சொல்றோம். தலைவியும் ஒரு தடவை படிச்சுடட்டும்.